மோசமாகத் தெரிந்த பெட்டி

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை திரையில் முழுதாகப் படித்துப் பிழை பார்ப்பதற்கு அந்த அலுவலகத்தில் 'கடைசிப் பார்வை' என்று பெயர். பெரியவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து தலை நரைத்தவள். அவள் போதாத காலம், தன் ஓரகத்திக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தாள். கொழுந்தன் பெண்டாட்டிதானே, பிழைத்துப் போகட்டும் என்று நினைத்த அந்த நல்ல மனசை இப்போது அவளே திட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னே என்ன? நேற்று வந்தவள், பெரியவள் விட்ட பிழைகளையெல்லாம் பொறுக்கி எடுக்கிறாள். மேலாளர் வாய்க்கு வாய் அவளைப் புகழ்கிறார். வீட்டுக்குப் போனால் மாமியாரும் அதே பாட்டு. கடைசிப் பார்வையைச் சின்னவளிடம் கொடுத்தால் என்ன என்று மேலாளர் யோசிப்பதாகக் காதில் விழுந்ததும் பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுக்கு வாய்த்த திரை அப்படி, தனக்கு வாய்த்த மங்கல் திரை இப்படி என்று அடித்துச் சொன்னாள்.

எழுத்தின் விளிம்பை வழவழப்பாக்க ஓர் அமைப்பு கணினியில் உண்டு. ஒரே வரியைப் பல பெட்டிகளில் பலவிதமாகக் காட்டும். எது தெளிவோ அதைச் சொடுக்க வேண்டும். தன் கணினியில் அதை மாற்றி மாற்றிப் பார்த்துப் பெரியவள் சலித்துப் போயிருந்தாள். சின்னவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் கணினியில் அதைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் இருப்பதிலேயே மோசமான பெட்டியாகப் பார்த்துச் சொடுக்கினாள். எழுத்து மெலிந்து, அங்கங்கே அறுந்து தெரிந்தது. இப்போது படிடியம்மா, பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள்.

வந்து உட்கார்ந்த சின்னவள் நிமிர்ந்தாள்.

"அக்கா, என் கம்ப்யூட்டர்ல யாரு கை வச்சது?"

பெரியவளுக்குப் பகீரென்றது.

"எழுத்து பளிச்சுனு இருக்கு. இத்தனை நாள் கண்ணக் கசக்கிக்கிட்டுல்ல படிச்சேன்."

கிண்டல் செய்கிறாளோ என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். ஆனால் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து ஆமாம் என்றார். மேலாளரும் வந்து பார்த்து, யார் செய்த வேலை என்று கேட்டார். அந்தப் பாராட்டு வேறு யாருக்கோ போவதைப் பெரியவளால் தாங்க முடியவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் எல்லோருக்கும் அப்படியே வைத்துக் கொடுங்கள் என்றார் மேலாளர்.

பெரியவள் பக்கத்து மேசைக்குப் போய் உட்கார்ந்து, தன் கண்ணுக்குத் தெளிவாகப் பட்டதையே நேர்மையாகச் சொடுக்கினாள். தார் பூசியது மாதிரி இருக்கிறதே என்று அவர் முகத்தைச் சுளித்தார். மறுபடியும் திறந்து, அறுந்து தெரிந்ததை எடுத்தாள். இதுதான், இதுதான் என்றார் அவர். அடுத்த கணினியிலும் அதே கதை. அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

சின்னவளின் மேசைக்குத் திரும்பி வந்தாள்.

"கடைசிப் பார்வைய இனிமே நீயே பாரு."

"ஏன்க்கா, என்னாச்சு?"

"எனக்குக் கண்ணு போச்சுடி. திரையில ஒண்ணும் கோளாறு இல்ல."

சின்னவள் பதறி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவளின் கண்கள் கலங்கியிருந்தன. கலங்கியும் எவ்வளவு நல்ல கண்கள் என்று பெரியவளுக்குப் பொறாமையாக இருந்தது.