பிஸ்கட்டக்காவின் பத்து கிலோ

எடை மெஷினில் ஏறுவதற்கு முன்னால் பிஸ்கட்டக்கா தோட்டைக் கழற்றுவாள், வளையலைக் கழற்றுவாள், கடைசியில் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி ஜன்னலோரம் வைப்பாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எண் தெரியாது. பதினாறு வயது மகள் குனிந்து படித்துச் சொல்ல வேண்டும்.

"எண்பத்தஞ்சு எழுநூறும்மா."

"நல்லாப் பாரு. மூச்சை வெளிய விட்டுட்டுத்தானே ஏறினேன்?"

நாற்பத்தேழு வயதில் கேட்கிற கேள்வியா இது என்று சிரிப்பு வரும். ஆனால் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பத்து வாரத்துக்குள் அவள் பத்து கிலோ இறங்காவிட்டால் அவளுடைய தம்பி பிழைக்க மாட்டான்.

தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. ஈரல் கெட்டுவிட்டது. குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே அந்த நினைப்பை விட்டுவிடலாம். அவன் சோடாகூடக் குடிக்காதவன். பிறவியிலிருந்தே உள்ளே இருந்த ஏதோ கோளாறு இப்போது முற்றிவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருவர் தன் ஈரலில் பாதியைக் கொடுத்தால் அவன் பிழைப்பான். கொடுத்தவருக்கு மிச்சம் வளர்ந்துவிடுமாம். தம்பி மனைவியின் ரத்த வகை சேரவில்லை. சேர்ந்தது இரண்டே பேருக்கு. ஒருவர் அண்ணன், இன்னொருவர் இவள்.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஐம்பத்தொரு வயதிலும் மாணவர்களோடு பந்தயம் கட்டி ஓடுகிறவன். கொடுக்கப்போவது அவன்தான் என்று குடும்பமே முடிவு கட்டியிருந்தது. சோதனையெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் தனியாக வீட்டுக்கு வந்தான். "பொருந்தலையாம். எனக்குப் பித்தக் குழாய் வேற மாதிரி பிரியுதாம். வெட்டினா எனக்கும் ஆபத்து, அவனுக்கும் ஆபத்து" என்றான். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலால் குழாயை வரைந்துகூடக் காட்டினான். பிஸ்கட்டக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோரும் அவனைத்தான் தேற்றினார்கள்.

அடுத்தது அவள் முறை. டாக்டர் அவளையும் அவள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து, திரையில் ஈரலைக் காட்டினார். கால்வாசிக்கு மேல் கொழுப்பு. இதை அப்படியே வெட்டி இன்னொருவருக்கு வைக்க முடியாது. "எண்பத்தாறு இருக்கீங்க. எழுபத்தாறுக்கு வாங்க. கொழுப்பு தானா இறங்கும். பத்து வாரம்தான் டைம், அதுக்கு மேல உங்க தம்பிக்குத் தாங்காது" என்றார்.

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டதும் அவளுக்கு 'அப்பாடா' என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்காக அவள் பிறகு தன்னைத் திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. மகள் பிறந்தபோது ஆபரேஷன் மேஜையில் கொடுத்த மயக்கம் தெளிய அவளுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் யாரும் பேசுவதில்லை. டாக்டரிடம் சொன்னதற்கு, இப்போதெல்லாம் அப்படி ஆகாது என்றார். சொல்லுவார். மேஜையில் படுக்கப்போவது அவரா? உடம்பு குண்டாக இருக்கிறவரைக்கும் அவள் வாய் திறந்து 'மாட்டேன்' என்று சொல்ல வேண்டியதில்லை, கொழுப்பே அவளுக்காகச் சொல்லிவிடும். வீட்டுக்காரர் வண்டியை எடுத்து வருவதற்குள் எதிர்க் கடையில் இரண்டு கிரீம் பன் வாங்கி நின்றபடியே தின்று முடித்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கையில் புது ஷூவோடு அண்ணன் நின்றான்.

"எந்திரி. இன்னையிலிருந்து உன் உடம்பு என் பொறுப்பு."

பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று நானூறு மீட்டர். முதல் நாள் ஒன்றரைச் சுற்றிலேயே அவளுக்குக் கண் இருட்டியது. முட்டி எரிந்தது. அண்ணன் மாணவர்களுக்கு ஊதுகிற அதே விசிலை அவளுக்கும் ஊதினான். உட்கார்ந்தால் ஒரு ஊதல், நின்றால் இரண்டு. பக்கத்துக் குடியிருப்பில் யாரோ ஜன்னலைத் திறந்து திட்டினார்கள். அவன் காதில் வாங்கவே இல்லை. தம்பிக்காக அண்ணன் இப்படி உயிரைக் கொடுக்கிறானே, தான் பன் தின்றுகொண்டு நிற்கிறோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் இரண்டாவது வாரம் ஐந்து சுற்று நடந்தாள்.

நடப்பதைவிடப் பெரிய பாடு வேலையில். பெயருக்கேற்ற வேலை அவளுக்கு. பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவள். மூன்று அடுப்பு வரிசையிலிருந்தும் அரை மணிக்கு ஒரு தட்டு அவள் மேஜைக்கு வரும். கடித்துப் பார்த்துப் பச்சைச் சீட்டு ஒட்டினால் பெட்டிக்குப் போகும், சிவப்புச் சீட்டு ஒட்டினால் குப்பைக்குப் போகும். மற்ற ருசிக்காரர்கள் மென்று துப்பிவிடுவார்கள். அவள் பதினெட்டு வருஷமாகத் துப்பியதில்லை. தொண்டை தாண்டும்போதுதான் சோடா மாவு கூடுதலா குறைவா என்பது தெரியும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிதான் அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றது.

இப்போது அவளும் ஒரு காகிதக் கோப்பையை வைத்துக்கொண்டு துப்பினாள். நான்காவது வாரம் அவள் பச்சைச் சீட்டு ஒட்டிய இருநூறு பெட்டிகள் கசக்கிறதென்று திரும்பி வந்தன. சோடா மாவு கூடியிருந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "என்னக்கா, நாக்கு செத்துப்போச்சா? பேக்கிங்குக்கு மாத்திடட்டுமா?" என்று கேட்டார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அழுகை வரும் என்று சொல்லாமல் வந்துவிட்டாள்.

ஆனாலும் எடை இறங்கியது. எண்பத்து மூன்று, எண்பத்திரண்டு, எண்பது. பழைய ரவிக்கைகள் தொளதொளத்தன. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. "என்னடி, இருபது வருஷத்துக்கு முந்திப் பார்த்த ஆள் மாதிரி இருக்க" என்றார் வீட்டுக்காரர். அவளுக்கே தன் உடம்பு பிடிக்க ஆரம்பித்தது, அதே அளவுக்குப் பயமும் ஏறியது. ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் ஆபரேஷன் மேஜை ஒரு அடி கிட்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியைப் பார்க்கப் போவாள். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு மட்டும் வீங்கி, கை கால் குச்சியாக இருந்தான். எடை எவ்வளவு என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் உள்ளே நுழைந்ததும் அவன் கண் அவள் முகத்துக்கு வருவதற்கு முன்னால் இடுப்புக்குப் போகும். அவ்வளவுதான். அதற்கப்புறம் மகள் படிப்பு, மழை, கிரிக்கெட் என்று ஏதேதோ பேசுவான்.

ஏழாவது வாரம் எடை எண்பதிலேயே உட்கார்ந்துகொண்டது. ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாவது நாள் மைதானத்தில் அண்ணன் அவள் கைப்பையைப் பிடுங்கித் திறந்து பார்த்தான். உள்ளே கிரீம் பிஸ்கட் பொட்டலம் ஒன்று பாதி காலியாக இருந்தது.

"தின்னியா?"

"ஒண்ணு ரெண்டுதான் அண்ணே. தலை சுத்திச்சு."

"அவன் அங்க செத்துக்கிட்டு இருக்கான், நீ இங்க கிரீம் பிஸ்கட் திங்கிற! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன, குழாய் சரியில்லைன்னு சொல்லிட்டாங்க, தப்பிச்ச. படுக்கப்போறவ நான். பயம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் பதிலுக்குக் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓட ஆரம்பித்தான். எட்டுச் சுற்று நிற்காமல் ஓடினான். அண்ணன் மனசைப் புண்படுத்திவிட்டோம், அவன் கொடுக்க முடியவில்லையே என்றுதானே தவிக்கிறான் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு துண்டு பிஸ்கட்டைக்கூட விழுங்கவில்லை. அவித்த முட்டை, வெள்ளரிக்காய், சூப் என்று ஓட்டினாள். காலையில் எட்டுச் சுற்று, சாயங்காலம் நான்கு. பத்தாவது வாரம் வியாழக்கிழமை மகள் குனிந்து பார்த்து, "எழுபத்தஞ்சு எண்ணூறும்மா!" என்று கத்தினாள். பிஸ்கட்டக்கா மெஷினிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் அடுத்தது அந்த ஆபரேஷன் மேஜைதான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் கூட வந்தான். ஸ்கேன் எடுத்தார்கள். கொடுப்பவர்களிடம் தனியாகப் பேசுவதற்கென்றே அங்கே ஒரு அம்மா இருந்தார். அவர் அவளை மட்டும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜை மேல் ஒரு படிவம் இருந்தது. அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

"ஈரல் நல்லா வந்திருக்கும்மா. நீங்க சரின்னா செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஆனா நான் கேக்கப்போறது வேற. உங்களுக்குச் சம்மதமா?"

"பத்து கிலோ குறைச்சிருக்கேனே."

"அது உடம்பு. நான் மனசைக் கேக்கறேன். பயமா இருந்தா, இஷ்டமில்லைன்னா, இப்பவே சொல்லலாம். வெளியில 'பொருந்தலை'ன்னு மட்டும்தான் சொல்லுவோம். ஏன்னு உங்க வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்ல மாட்டோம். குடுக்க வர்ற எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிடறது எங்க வழக்கம்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

"நெஜமாவே உடம்புல கோளாறு இருந்துச்சுன்னா?"

"அப்ப டாக்டரே வீட்டு ஆளுங்களை உக்கார வச்சுப் படத்தைக் காட்டிடுவாரு. ரிப்போர்ட்டும் கையில குடுத்துடுவோம். உங்களுக்குக் காட்டினாரே."

காட்டினார். வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டினார், நான்கு பக்க ரிப்போர்ட்டும் கொடுத்தார். அண்ணனுக்கு யார் காட்டினார்கள்? அவன் தனியாகத்தான் வந்தான். கையில் ஒரு தாளும் இல்லை. படத்தை அவனே வரைந்தான். இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே கேள்விக்கு, அண்ணன் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறான். பிஸ்கட்டக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அஞ்சு நிமிஷம் வெளிய போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

வராந்தாவில் அண்ணன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். "என்ன சொன்னாங்க? எல்லாம் சரிதானே?"

"உக்காரு. உன்கிட்ட என்ன கேட்டாங்களோ அதையேதான் என்கிட்டயும் கேட்டாங்க."

அவன் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரைப் பார்த்தான். பொய் சொல்லப் பார்க்கிறான் என்று நினைத்தாள். அவன் பொய் சொல்லவில்லை.

"பேனாவைக் கையில குடுத்தாங்க. கை வரலை. எவ்வளவோ முயற்சி பண்ணேன், வரலை" என்றான். "வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லிடலாம்னுதான் வந்தேன். நீ கட்டிப் பிடிச்சு அழுத. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"அதனால என்னை ஓட விட்ட."

"நீயும் இல்லைன்னா அவன் போயிடுவான். அவன் போனா அது என்னாலதான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவனை அறைந்திருப்பாள். பத்து வாரம் விசில் ஊதினானே, பையைப் பிடுங்கிப் பார்த்தானே, மனசிருக்கா என்று கேட்டானே! ஆனால் ஆத்திரத்தின் நடுவிலேயே அந்த இரண்டு கிரீம் பன்னும் நினைவுக்கு வந்தன. இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே பயம்தான். அவளுக்கு ஒளிந்துகொள்ள ஒரு தொப்பை இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை.

"இப்ப நீ போறியா உள்ள?" என்று கேட்டாள். "உனக்கும் சேருமே. இன்னும் நேரம் இருக்கு."

அண்ணன் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டான். தினமும் நூறு மாணவர்களை வரிசையில் நிறுத்துகிற குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு நர்ஸ் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனாள். அது வராந்தாவின் கோடி வரைக்கும் போய்த் திரும்புகிறவரைக்கும் பிஸ்கட்டக்கா காத்திருந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"சரி" என்றாள். "தம்பிகிட்ட சொல்ல மாட்டேன். அவன் பிழைச்சு எழுந்து உன்னை அண்ணன்னு கூப்பிடட்டும். ஆனா ஒண்ணு. நான் கண்ணு முழிக்கலைன்னா என் பொண்ணுகிட்ட நீதான் போய்ச் சொல்லணும். வேற யாரும் சொல்லக்கூடாது. குழாய்னு கதை விடாம, எல்லாத்தையும் நடந்தது நடந்தபடி சொல்லணும்."

அவன் தலையை ஆட்டினான்.

"தலையாட்டாதே. வாயால சொல்லு."

உள்ளேயிருந்து அந்த அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிஸ்கட்டக்கா அவரைப் பார்க்காமல் அண்ணனையே பார்த்தபடி நின்றாள்.

"சொல்றேன்" என்றான்.

அவள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.