இன்னொரு மாதத்து ஊசி

அந்த அறக்கட்டளை அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் அடுப்பு. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் அடுப்பு. தொட்டால் சுடும், தொடாமல் பக்கத்தில் நின்றாலும் அனல் அடிக்கும் என்று யாரோ எப்போதோ சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் தெரியும். "அணைஞ்ச அடுப்புன்னு பேர் வாங்கறதுக்கு இது தேவலை" என்று ஒருநாள் மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டவர்களுக்கு அன்றைக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை.

பிறக்கும்போதே கோபத்தோடு பிறந்தவள் இல்லை. நரம்பு தசையோடு சேரும் இடத்தை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவள். எலிக்கூண்டின் வாடை சேலையை விட்டுப் போவதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு, நிபுணர் குழு என்று எங்கே இருந்தாலும் போய்க் கை கட்டி நின்றாள். ஒரு குழுவில் ஒருவர் அவள் பேசப் பேசத் தூங்கினார், விழித்ததும், "கைக்குழந்தை இருக்காமே, லேபையும் பாத்துக்க முடியுமா?" என்று கேட்டார். இன்னொரு குழு அவளுடைய திட்டத்தைக் கழித்துக்கட்டிவிட்டு, அடுத்த வருஷம் அதே திட்டத்தைத் தங்கள் சீடப்பிள்ளை ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தது. அன்றைக்கு மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்த கோபம் பிறகு இறங்கவே இல்லை.

ஐம்பதைத் தாண்டியபோது மேஜையின் இந்தப் பக்கம் உட்கார அழைப்பு வந்தது. பூட்டுத் தொழிற்சாலை நடத்திப் பெரிய ஆளான ஒரு முதலாளி, தசை மெலிந்து மெலிந்து செத்துப்போன தன் ஒரே மகனின் நினைவாகத் தொடங்கிய அறக்கட்டளை அது. எந்த ஆராய்ச்சிக்குக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று சொல்ல மூன்று பேர் கொண்ட விஞ்ஞானக் குழு. தலைவர், நகரத்திலேயே பேர்பெற்ற நரம்பு மருத்துவர். நரைத்த தலையும் கனிந்த குரலுமாக, அவர் 'உட்காருங்க' என்று சொன்னாலே பாதி நோய் போய்விட்டதாக ஜனங்கள் நம்பினார்கள். இரண்டாமவர், மருந்தியல் பேராசிரியர். தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். மூன்றாவது, அவள்.

அறக்கட்டளை முதன்முதலாகச் சொந்தச் செலவில் ஒரு மருந்தைப் பரிசோதித்தது. மாதம் ஒரு தடவை, குழந்தைகளின் முதுகுத்தண்டில் ஊசி வழியாக ஏற்ற வேண்டிய மருந்து. பாதிக் குழந்தைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் முடிந்ததும், கணக்குப் போட்டு முடிவு வருகிறவரை எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்தையே போடுவது என்று ஏற்பாடு. நிறுத்தச் சொல்லி அறக்கட்டளையிலிருந்து உத்தரவு போனால்தான் மருத்துவமனையில் ஊசி நிற்கும்.

முடிவு வந்தது. புள்ளிவிவரம் பார்க்கிற பெண் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். மருந்து போட்ட குழந்தைகளின் பலத்துக்கு ஒரு கோடு, உப்புநீர் போட்டவர்களுக்கு ஒரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு சேர்ந்தே கீழே இறங்கின. மருந்து போட்ட குழந்தைகளுக்குத்தான் தலைவலியும் காய்ச்சலும் அதிகம். ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்திருந்தான்.



"இதை இப்போதைக்கு வெளிய விட வேண்டாம்" என்றார் தலைவர். "நம்ம அறக்கட்டளையோட புதுக் கட்டடத் திறப்பு விழா முடியட்டும். ஐயாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. மகன் பேர்ல வந்த மருந்து. திடீர்னு போட்டு உடைச்சா அந்த மனுஷன் தாங்குவாரா?"

"தாங்க மாட்டார், தாங்க மாட்டார்" என்றார் பேராசிரியர்.

"அதுக்குள்ள ஊசி நாள் வருதே?" என்று அவள் கேட்டாள்.

"ஒரே ஒரு ஊசிதானேம்மா."

"ஒரே ஒரு ஊசியா? உங்க முதுகைக் காட்டுங்க, இப்பவே போடறேன். ஒண்ணுதானே!"

புள்ளிவிவரப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை; அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. அதே கனிந்த குரலில், "கணக்கை இன்னொரு தடவை சரிபாக்காம ஒரு மருந்தைக் குப்பையில போடலாமா? நீங்களும் விஞ்ஞானிதானே?" என்றார். சரிபார்க்க வேண்டாம் என்று எந்த விஞ்ஞானி சொல்வாள்? சரி என்றாள்.

சரிபார்க்கும் வேலை ஜவ்வாக இழுத்தது. ஊசி நாளும் வந்தது.

வீட்டில் உட்கார முடியாமல் அவள் மருத்துவமனைக்குப் போனாள். குழந்தைகள் பிரிவின் தாழ்வாரம் முழுக்கச் சக்கர நாற்காலிகள். சுவரில் யாரோ வரைந்த ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துப்பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. வெல்டிங் வேலை பார்க்கிற ஒரு தகப்பன், மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். எட்டு வயதுப் பையன். கைகால்கள் உலர்த்தப் போட்ட துணி மாதிரி தொங்கின. அவளைப் பார்த்ததும் வெல்டர் முகம் மலர்ந்தது.

"மேடம், இப்பல்லாம் ஸ்பூனை அவனே தூக்குறான். மருந்து நல்லா வேலை செய்யுது. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்."

குழு முடிவெடுக்கிறவரை வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பையனைக் கட்டிலில் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி, நர்ஸ் பந்து மாதிரி சுருட்டிப் பிடித்தாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் துருத்தியது. அவன் அழவில்லை. தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தான்.

"நீங்கதான் இந்த ஊசிக்குக் காசு குடுக்கிறவங்களா?"

"ஆமாம்பா."

"எம்மேல உங்களுக்கு என்ன கோவம்?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். வெல்டரும் சிரித்தான். "வாயைப் பாருங்க மேடம் இவனுக்கு" என்றான் பெருமையாக. ஊசி இறங்கியது. அவள் வெளியே வந்து, தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரைக் கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் அவளுடைய வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடையை மூடிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தார்.

"அந்தச் சட்டி என்ன பண்ணுச்சு, பாவம்?"

"பேசாம போங்க. நான் எரிச்சல்ல இருக்கேன்."

"நீ எப்ப எரிச்சல்ல இல்ல? கல்யாணத்தன்னிக்குக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி ஞாபகம்." பிறகு குரலை இறக்கினார். "என்ன நடந்துச்சு, சொல்லு."

கையெழுத்தாவது ஒன்றாவது. சொன்னாள். கோடுகளிலிருந்து அந்தப் பையன் கேட்டதுவரை எல்லாவற்றையும் கொட்டினாள். தலைவரை, பேராசிரியரை, புதுக் கட்டடத்தை, அதன் ஒவ்வொரு கண்ணாடி ஜன்னலையும் திட்டித் தீர்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"ஒண்ணு சொன்னா அடிக்க வராதே. முழுக் கத்தலும் எங்கிட்டதான் கத்துற. அங்க போய் அரைக் கத்தல் கத்திட்டு, சரின்னு தலையாட்டிட்டு வந்துட்ட."

அவரை அப்படியே பிய்த்துப்போடலாம் போல இருந்தது அவளுக்கு. அவர் சொன்னதில் தப்பு ஏதும் இல்லாததுதான் காரணம்.

மறுநாள் காலை தலைவரின் அறைக்குப் போனாள். சரிபார்த்தாயிற்று, அதே கோடுகள்தான் என்று புள்ளிவிவரப் பெண் அவளிடம் ஏற்கனவே சொல்லியிருந்தாள். தலைவர் வேறு கதை வைத்திருந்தார்.

"ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாத்தா, லேசா ஒரு பலன் தெரியற மாதிரி..."

"அந்த வயசுல எத்தனை குழந்தைங்க? ஒரு கை விரல்ல எண்ணிடலாம். எப்படி வெட்டினா பலன் தெரியும்னு பாத்து வெட்டியிருக்கீங்க. இதையே ஒரு மாணவன் பண்ணிட்டு வந்தா வெளிய தள்ளியிருப்பீங்க."

"நாம மூணு பேரும் ஒரே குரல்ல பேசணும்மா."

"அப்போ என் குரல்ல பேசுங்க. நான் ஐயாவைப் பாக்கப் போறேன்."

முதல்முறையாக அவருடைய குரலில் கனிவு வற்றியது. "அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்."

"விடியட்டும்" என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

பூட்டு முதலாளி அந்த வயதிலும் தினம் தொழிற்சாலைக்கு வருவார். கடைசி மேஜையில் உட்கார்ந்து, பெட்டியில் போவதற்குமுன் கைக்கு வந்த பூட்டுகளை எடுத்துத் திறந்து மூடிப் பார்ப்பார். சுற்றிலும் உலோகத்தூளும் எண்ணெய் வாடையுமாக இருந்தது. அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஐயா, மருந்து வேலை செய்யலை. உப்புநீருக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்லை. பக்க விளைவுதான் மிச்சம்."

அவர் கையிலிருந்த பூட்டை மூடினார். திறக்கவில்லை.

"எப்போ தெரியும்?"

"போன மாசம்."

"நடுவுல ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன். பாத்துட்டு நின்னேன்."

கிழவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"என் பையனுக்கு ஒரு உடற்பயிற்சி குடுத்தாங்க, தெரியுமா? தினம் காலைல. வலியில கத்துவான். என் பொண்டாட்டி காலைப் பிடிப்பா, நான் தோளைப் பிடிப்பேன். முன்னேற்றம் இருக்கு, முன்னேற்றம் இருக்குன்னு கடைசி வாரம் வரைக்கும் சொன்னாங்க. அதுல பிரயோஜனம் இல்லைன்னு அந்த டாக்டர்களுக்கு முதல்லயே தெரியும். எங்க மனசு நோகக் கூடாதாம்! அந்தப் பொய்யில வந்த வெறியிலதான் நான் இந்த அறக்கட்டளையை ஆரம்பிச்சேன். நீங்க மூணு பேரும் அதே பொய்யை என் செலவுலயே, என் புள்ள பேர்லயே நடத்தியிருக்கீங்க!"

"நான்தானே வந்து சொல்றேன்!"

"ஒரு ஊசி கழிச்சு வந்து சொல்றீங்க!"

நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லைதான். ஆனாலும் மற்ற இருவரோடு சேர்த்து ஒரே கயிற்றில் கட்டியது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளும் எழுந்தாள்.

"நீங்க மட்டும் என்ன யோக்கியம் ஐயா? இந்தக் குழுவுக்கு முன்னாடி இருந்த தலைவர் ஒரு ஆராய்ச்சி தோத்துப்போச்சுன்னு சொன்னதும் அவரை எப்படி அனுப்பினீங்க? ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசலை, அப்புறம் வேற ஆளைக் கொண்டுவந்து உட்கார வச்சீங்க. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்கு நாற்காலி, கெட்ட சேதி கொண்டுவந்தவனுக்கு வாசப்படி. இதைப் பாத்துட்டு யாரு உங்ககிட்ட உண்மை சொல்வா? இதயம் பலவீனம்னு ஊரெல்லாம் உங்களைப் பொத்திப் பொத்தி வைக்குது. நீங்களும் சொகமா உள்ள உக்காந்துக்கிட்டீங்க!"

எந்திரங்கள் பக்கம் வேலை நின்று, எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். முதலாளியிடம் இப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. கிழவருக்கு மூச்சு வாங்கியது. தலைவர் சொன்னது நடந்துவிடுமோ என்று அவள் மேஜையைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள்.

அவர் நாற்காலியைத் தானே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். போனை எடுத்து மருத்துவமனையைக் கூப்பிட்டு, "இனிமே ஒரு ஊசி போடக் கூடாது. எழுத்துல பின்னால வரும், இப்பவே நிறுத்துங்க" என்றார். வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமல், "பெத்தவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. அவங்க கேக்கறதை எல்லாம் நின்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

போனாள். மருத்துவமனையின் பெரிய கூடத்தில் நின்று சொன்னாள். சில தாய்மார் அழுதார்கள். சிலருக்குப் புரியவே வெகுநேரமாயிற்று. வெல்டர் கடைசி வரிசையிலிருந்து எழுந்தான்.

"அன்னிக்கு நான் ஸ்பூன் தூக்குறான்னு சொன்னப்போ உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. யாரோ அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவள் ஒரு சப்பைக்கட்டும் கட்டவில்லை. 'நான் எதிர்த்தேன்' என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

தலைவர் உடல்நிலை காரணமாக விலகுவதாக அறிவித்தார். அடுத்த மாதமே இன்னொரு அறக்கட்டளை அவரை மாலையும் கையுமாக வரவேற்றது. பேராசிரியர் இருந்த இடத்திலேயே இருந்தார். இப்போது அவளுக்கு ஆமாம் போட்டார். "நான் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க சார்" என்று அவள் கத்தினால், "கண்டிப்பா, கண்டிப்பா" என்பார்.

குழுத் தலைமை அவளுக்கு வந்தது. கிழவரும் அவளும் மாதம் ஒருமுறை சண்டை போட்டார்கள். ஆராய்ச்சி தோற்றால் முதலில் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும், பிறகுதான் மற்றவர்களுக்கு என்று அவள் விதி கொண்டுவந்தபோதும் சண்டைதான். கடைசியில் கையெழுத்துப் போட்டார். புதுக் கட்டடம் விழா இல்லாமலேயே திறந்தது. தோற்ற மருந்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை இரண்டு பத்திரிகைகள் சுவாரசியம் இல்லை என்று திருப்பி அனுப்பின. "ஜெயிச்சா மட்டும்தான் அச்சடிப்பானுங்களாமா?" என்று மேஜையைக் குத்தினாள். மூன்றாவது பத்திரிகை போட்டது. அதைப் படித்துவிட்டு, அதே மருந்தை வேறொரு நாட்டில் குழந்தைகளுக்குப் போடவிருந்த ஒரு குழு திட்டத்தைக் கைவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

வெல்டரின் மகன் இன்னும் பள்ளிக்கூடம் போகிறான். இருமல் வந்தால் மருத்துவமனையில் சேர்ப்பார்கள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் அவள் நின்று வணக்கம் சொல்வாள். வெல்டர் சுவரைப் பார்த்தபடி மகனின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். பையன் மட்டும் தலையைத் திருப்பிப் பார்ப்பான். அவன் தகப்பன் செய்வதுதான் நியாயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் படியிறங்குகிறவரை அவளுக்குக் காது மடல் எரிந்துகொண்டே இருக்கும்.