கழிவறை வரை ஒரு கைப்பிடி

அப்பாவுக்கு வந்த இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, முதலில் கண்ணைத்தான் எடுத்தது. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியே காலம் தள்ளிய மனிதர், கம்போங் மேடான் அடுக்குமாடியில் எங்கள் சின்ன வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். மகள் கையைப் பிடித்துக் கழிவறைக்குப் போவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. நான் வேலைக்குப் போனதும் தண்ணீரே குடிக்காமல் கிடந்தார். கேட்டால் "தாகமே இல்லம்மா" என்பார். பச்சைப் பொய்.

நான் கிள்ளானில் ஒரு மரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குட்டை ரப்பர் மரத் துண்டுகளின் முனைகளை மெஷின் சீப்புப் பல் போல வெட்டித் தரும். பசை தடவி, பல்லோடு பல் கோத்து இறுக்கினால் நீளப் பலகையாகிவிடும். ரொம்பக் குட்டையானது அடுப்புக்குப் போகும். அவற்றில் பல் வெட்டியதாகப் பொறுக்கி, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். நீளக் கட்டையோடு அந்தக் கூட்டத்தில் ஏறியிருந்தால் நாலு பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன்.

வீட்டிலேயே ஒட்டி, கட்டிலிலிருந்து கழிவறைக் கதவு வரை சுவரில் கைப்பிடி அடித்தேன். தொழிற்சாலையில் ஒட்டிய இடத்தை நகத்தால் வருடினால்கூடத் தட்டக் கூடாது. அந்தப் பழக்கத்தில் வழவழவென்று தேய்த்துவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா பிடித்து நடந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"எங்க நிக்கிறேன்னே தெரியலம்மா. எல்லாம் ஒரே மாதிரி இருக்குலா."

"பாத்துப் பாத்துத் தேய்ச்சேன்ப்பா!"

"தேய்க்காம விட்டிருக்கலாம்லா."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினேன். புதுத் துண்டுகளை வேண்டுமென்றே மேடுபள்ளமாக ஒட்டினேன். சூப்பர்வைசர் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். அப்பாவோ ஒவ்வொரு மேட்டையும் கட்டைவிரலால் மனப்பாடம் செய்தார். இது சாமி படத்துக்கு நேர், இது ஃபிரிட்ஜுக்கு எதிரே, இன்னும் ஒன்று தாண்டினால் கதவு என்று சொல்லிக்கொண்டே நடப்பார். தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். உள்ளே அவர் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் எனக்கு அழுகை வரும்.

அது ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பாதத்தில் உணர்ச்சி போனது. கைவிரல்களும் அப்படி மரத்துப்போகலாம் என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தபோது அவர் ஃபிரிட்ஜுக்கு எதிரே நின்றிருந்தார். கைலி நனைந்திருந்தது. கட்டைவிரல் ஒரு மேட்டின் மேலேயே போவதும் வருவதுமாக இருந்தது.

"மேட்டையெல்லாம் தேய்ச்சிட்டியாம்மா?"

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாப்பா. தேய்ச்சிட்டேன்."

"ஏம்மா அப்படிச் செஞ்ச? நாளைக்கே திரும்ப வச்சிரு."

சரி என்றேன். அவர் கையைப் பிடித்தேன். அன்று அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.