சனிக்கிழமை பூட்டிய கடைத்தெரு

சனிக்கிழமையானால் நான்கு பால் பாக்கெட்டை வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுகிறேன். "ராஜபாளையத்துல நாளைக்குக் கடையே இருக்காதாம்மா?" என்று மகள் சிரிக்கிறாள். அவளால் வந்த பழக்கம்தான் இது. அவளுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பால்கோவா அடுப்பு எரிகிற தெரு. பால் சுண்டும் வாசனையில்தான் விழிப்பே வரும். காலையில் கறந்தது காலைக்கு, மாலையில் கறந்தது மாலைக்கு. நேற்றைய பாலைப் பிள்ளைக்குக் கொடுப்பவளை எங்கள் தெரு தாயென்றே ஒப்புக்கொள்ளாது. ராஜபாளையத்து மில்லில் இருந்த என் கணவரை எண்பதுகளின் கடைசியில் நூற்பு மெஷின் பழக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து ஒன்றரை வயது மகளோடு போன நான், இந்த ஒழுக்கத்தையும் கட்டிக்கொண்டு போனேன். தினம் ஒரு பாட்டில்தான் வாங்குவேன்.

முதல் சனிக்கிழமை துணியெல்லாம் துவைத்துவிட்டு, சாயங்காலம் பையோடு இறங்கினேன். கடைத்தெரு முழுக்கப் பூட்டிக் கிடந்தது. யாரோ பெரிய தலைவர் இறந்துவிட்டார் போலும் என்று பதறித் திரும்பினேன்.

"இங்க சனிக்கிழமை மத்தியானமே பூட்டிருவான், இனி திங்கக்கிழமைதான் தெறப்பான்" என்றார் கணவர்.

"மூணு மாசமா இருக்கீய, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பிரெட்டத் தின்னு ஓட்டுனவன்ட்ட பால் வெவரம் கேக்கியே, ஏட்டி!"

இருந்த பாலில் தண்ணீர் விட்டுச் சமாளித்தேன். ஞாயிறு மதியத்தோடு அதுவும் தீர்ந்தது. மகள் பிரெட்டைத் துப்பிவிட்டு அழுதாள். கீழ்வீட்டு அம்மாளிடம் கேட்கலாம். ஆனால் பனிக்காலம், நாலரைக்கே கும்மிருட்டு. விளக்கு வைத்த பிறகு பால் கேட்டால் நம் ஊரில் முகம் சுளிப்பார்களே என்று படியிலேயே நின்றேன்.

"அந்தம்மாவுக்கு வெளக்கு வச்ச நேரம் எங்க தெரியப் போவுது? போ, பிள்ள அழுவுதுல்ல!" என்று மேலிருந்து விரட்டினார் கணவர்.

கதவைத் தட்டினேன். வெள்ளைத்தலை அம்மாள் திறந்தார். பாஷை தெரியாமல் பிள்ளையையும் காலி பாட்டிலையும் காட்டினேன். அவர் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தானே பாலைச் சூடாக்கினார். மகள் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். பிறகு அந்த அம்மாள் என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய்த் தன் அலமாரியைத் திறந்து காட்டினார்: மாதக்கணக்கில் கெடாத பால், அட்டைப்பெட்டிகளில், வரிசையாக. எங்கள் தெரு பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருக்கும்.

அதன்பின் ஊர் திரும்பும்வரை, வெள்ளிக்கிழமைதோறும் அவரும் நானும் சேர்ந்தே கடைக்குப் போனோம்.

கணவர் சமீபத்தில் அங்கே போய்வந்தார். இப்போது பெட்ரோல் பங்கிலேயே ஞாயிற்றுக்கிழமையும் பால் கிடைக்கிறதாம். நாங்கள் குடியிருந்த மேல்வீட்டில் இருக்கும் பெண்ணிடம் அந்த அம்மாளைப் பற்றி விசாரித்திருக்கிறார். கீழே இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லையாம்.