மூச்சு விட்ட குற்றம்

எனிட் ஆக்ராய்ட் செய்த குற்றம் மூச்சு விட்டது. இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸின் மேட்டுத் தெருவில், வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் ஒன்றில், அவள் கணவன் வில்ஃபும் அவளும் முப்பது ஆண்டுகளாக இந்தக் குற்றத்தை யாருக்கும் தெரியாமல் செய்து வந்திருக்கிறார்கள். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்த பிறகுதான் சங்கம் அதைக் கண்டுபிடித்தது. கூடவே கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள், குளிர்காலத்தில் துணியை வீட்டுக்குள் காயப்போட்டாள் என்ற குற்றங்களும் சேர்ந்துகொண்டன. அந்த ஆவியெல்லாம் சுவரில் ஈரமாகப் படிந்துதான் பூஞ்சை வருகிறதாம். சங்கத்தின் மொழியில் இதற்குப் பெயர் ‘வாழ்க்கைமுறை’. அதை விளக்க வழவழப்பான தாளில் ஒரு துண்டுப் பிரசுரமும் உண்டு. அதில் ஒரு குடும்பம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கும்.

எனிட் எளிதில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பிறவியல்ல. பதினான்கு வயதில், ஆலை விபத்தில் விரல் போன அப்பாவுக்கு அது ஆண்டவன் வைத்த சோதனை என்று பாதிரியார் ஆறுதல் சொன்னபோது, “அப்ப மெஷினுக்கு மூடி போடாத முதலாளிக்கு என்ன சோதனை வச்சிருக்காரு?” என்று கேட்டவள். அன்றோடு தேவாலயத்துக்குப் போவது நின்றது. பிறகு இருபத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முந்நூறு பிள்ளைகளுக்குத் தினமும் உருளைக்கிழங்கு வேகவைத்தவள்.

“அந்த அடுப்பங்கரைச் சுவர் ஒரு நாளும் கறுத்ததில்ல தம்பி,” என்றாள், சங்கத்திலிருந்து வந்த அதிகாரி நைஜலிடம். “இங்க ரெண்டு பேருக்கு ஒரு கெட்டில். இதுல கறுத்துப்போச்சா?”

நைஜல் பட்டம் படித்தவர், நல்ல காலணி போட்டவர். “ஒவ்வொரு வீட்டுச் சூழலும் வேற, மிஸஸ் ஆக்ராய்ட்,” என்றார்.

“சரி, சூழல விடு. பாய்லர் கிட்ட வா.”

பாய்லர்தான் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய்கள் வழியாக ரேடியேட்டர்களுக்கு, அதாவது அறைதோறும் உள்ள சூடேற்றும் தகடுகளுக்கு, அனுப்பும். அதன் வயிற்றில் ஒரு சின்ன வட்டம், அதில் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு முள். முள் ஒன்றுக்கு மேலே நின்றால் வீடு சூடாகும். கீழே விழுந்தால் பாய்லர் அணைந்துவிடும். எனிட்டின் வீட்டில் அது தினமும் விழுந்தது. தினமும் காலையில் அவள் அடியிலிருந்த குழாயைத் திருகி, தண்ணீர் ஏற்றி, முள்ளை மேலே கொண்டுவருவாள்.

“இந்தத் தண்ணி குழாய்க்குள்ளயே சுத்திச் சுத்தி வரணும். வெளிய போக வழியே கிடையாது. நான் தினம் ஊத்துறேன். எங்க போகுது? வில்ஃபும் நானும் ரேடியேட்டர்ல ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறோமா?”

“கொஞ்சம் அழுத்தம் குறையுறது சகஜம்தான்,” என்றார் நைஜல். மேசைமேல் இன்னொரு துண்டுப் பிரசுரத்தை வைத்துவிட்டுப் போனார்.

இது வெறும் வாய்ச்சண்டையாக இருந்திருந்தால் எனிட் ரசித்தே நடத்தியிருப்பாள். ஆனால் வில்ஃப் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கம்பளத் தொழிற்சாலையின் பஞ்சுத்தூசியில் பாதி போன நுரையீரலை வீட்டு ஓதம் முழுதாகவே முடித்துவிடப் பார்த்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: அந்த வீட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்ப மாட்டேன், வீடு காய வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லம். அதைக் கேட்டதும் வில்ஃப் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனிட்டை அழவைத்தது அதுதான். அதற்காக அவர்மேல் அவளுக்குக் கோபமும் வந்தது.

அவள் சங்கத்துக்குத் தினமும் போன் செய்தாள். காத்திருக்கும்போது கேட்ட இசை அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. கடைசியில் சங்கம் இறங்கிவந்து கசிவு நிபுணரை அனுப்பியது.

நிபுணர் ரெஜ் பெரிய வேனில் வந்து இறங்கினார். மேற்பார்வைக்கு நைஜல். பக்கத்து வீட்டு ருக்ஸானா, இடுப்பில் மூச்சிரைக்கும் குழந்தையோடு, வேடிக்கை பார்க்க வாசலில் வந்து நின்றாள். ரெஜ் கோட்டுப் பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். கோட் மாட்டும் கம்பியை வெட்டி வளைத்தவை. கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, பூனைபோல அடிமேல் அடி வைத்து முன்னறையில் நடந்தார்.

“என்னங்க இது?” என்றாள் எனிட்.

“தண்ணி இருக்கிற எடத்துல கம்பி தானா குறுக்கிடும், கண்ணு. எங்க தாத்தா காலத்துலேருந்து பாக்குறோம்.”

“எங்க மாமா பண்ணையில கிணறு வெட்டும்போதும் இப்படித்தான் பாத்தாங்க,” என்று நைஜல் பயபக்தியோடு ஒத்து ஊதினார்.

நீராவி இயந்திரத்தை உலகத்துக்குக் கொடுத்த தேசம்! ருக்ஸானா யாரிடமாவது தாயத்து வாங்கிக் கட்டியிருந்தால் இதே நைஜல் எவ்வளவு அனுதாபமாகப் புன்னகைத்திருப்பார்!

வில்ஃபின் நாற்காலி இருந்த இடத்தில் கம்பிகள் குறுக்கிட்டன. “இங்கதான். நாளைக்கே உடைச்சிடலாம்,” என்றார் ரெஜ்.

எனிட் அந்த இடத்தில் ஒரு ஜாம் பாட்டில் மூடியை வைத்தாள். பிறகு பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்துவந்தாள். “இப்ப கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு தடவ. தண்ணி அங்கேயேதான இருக்கும்?”

“அது வந்து... கண்ணைக் கட்டுனா ஒரு இது வராது...”

“ஏன், கம்பிக்கும் கண்ணு தெரியணுமா?”

வாசலில் ருக்ஸானா வாய்விட்டுச் சிரித்தாள். ரெஜ் வேறு வழியில்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டார். எனிட் அவரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள். முதல் முறை கம்பிகள் அலமாரிக்கு அடியில் தண்ணீர் கண்டன. அடுத்த முறை கதவருகில். அதற்கடுத்து, நைஜலின் நல்ல காலணிமேல். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மூடி விழுந்தது.

“இதெல்லாம் நெஜம்னா நாங்க ஏரி மேல குடியிருக்கோம்,” என்றாள் எனிட். “தரைய உடைக்க வேணாம். ஒரு படகு வாங்கிக் குடுத்துடுங்க.”

ரெஜ் துணியை அவிழ்த்தார். காது சிவந்திருந்தது. மூடிகளைப் பார்த்தார், எனிட்டைப் பார்த்தார். “வண்டியில ஒரு கேமரா இருக்கு, கண்ணு,” என்றார் மெதுவாக. “தரைக்கு அடியில சூடு எங்க இருக்குன்னு காட்டும். போன வருஷம் ஆபீஸ்ல குடுத்தாங்க.”

“அப்புறம் ஏன் இதைத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க?”

“கம்பி கைக்குப் பழகிடுச்சு. கேமராவப் பெட்டியிலிருந்து பிரிக்கவே இல்ல.”

பெட்டியைப் பிரித்தார்கள். பாய்லரை ஓட விட்டார்கள். சூடு ஏறியதும் கேமராவின் திரையில் தரைக்குள் ஓடும் குழாய்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்கள் வைக்கும் பொந்தில் மட்டும் ஒரு ஆரஞ்சு நிறக் கறை, சிந்திய குழம்புபோலப் பரவியிருந்தது. மூடி வைத்த எந்த இடமும் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

மறுநாள் உடைத்தார்கள். வீடு கட்டியவன் செம்புக் குழாய்க்கு ஒரு சுற்று உறைகூடப் போடாமல், பச்சையாகக் கான்கிரீட்டில் புதைத்திருந்தான். சிமெண்ட் அதை அரித்துத் தின்றிருந்தது. அடியில் மணல் கஞ்சியாகக் குழைந்து கிடந்தது. எனிட் தினமும் ஏற்றிய தண்ணீர் முழுவதும் இங்கேதான் வந்து, சுவர் வழியாக மேலேறிப் பூஞ்சை வளர்த்திருக்கிறது.

நைஜல் குழிக்குள் எட்டிப் பார்த்தார். “இருந்தாலும் வாழ்க்கைமுறையும் ஒரு காரணமா இருந்திருக்காதுன்னு சொல்லிட முடியாது,” என்றார். கை தானாகத் துண்டுப் பிரசுரத்தைத் தேடிப் பைக்குள் போனது.

“அதைக் குழியில போடு தம்பி,” என்றாள் எனிட். “தண்ணியையாவது உறிஞ்சட்டும்.”

குழாயை மாற்றினார்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் வாரக்கணக்கில் உறுமின. எனிட் அந்த இரைச்சலிலேயே தூங்கி எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாதி எல்லாச் சுவர்களிலும் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். கடைசிச் சுவரிலிருந்து கையை எடுத்து, “அழைச்சிட்டு வரலாம்” என்றாள். மார்ச் மாதத்தில் வில்ஃப் வந்து சேர்ந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் புதுத் தரையைக் குறை சொன்னார்.

“இந்தக் கலரை யாரு தேர்ந்தெடுத்தது? வாந்தி எடுத்த மாதிரி இருக்கு.”

எனிட்டுக்கு அதைவிட இனிமையான பேச்சு அந்த வருடத்தில் காதில் விழவில்லை. நாள் முழுக்க அவர் பக்கத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ருக்ஸானா கதவைத் தட்டினாள். வரிசையில் எல்லா வீடும் அதே ஆள் கட்டியதுதான். அவள் வீட்டுப் பாய்லர் முள்ளும் விழுகிறதாம். அவளிடமும் துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள். நைஜல் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறார். குழந்தை இரைப்பதற்கு அவளுடைய சமையல் ஆவிதான் காரணம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.

எனிட் எழுந்தாள். வில்ஃபைப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

“போயேன் கிழவி,” என்றார் வில்ஃப். “நான் எங்க ஓடிடப் போறேன்? வீட்டுலதான இருக்கேன்.”