ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் கணவர் நீடாமங்கலம் சாலையில் சைக்கிளில் போனபோது ஒரு கார் மோதியது. காரை ஓட்டியவரே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். “கேஸ் வேணாம்மா, செலவு முழுக்க நான் பாத்துக்கறேன்” என்று அழுதார். நான் இரங்கிப்போய், “அவரேதான் விழுந்துட்டாருங்க” என்று டாக்டரிடம் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

கால் எலும்பு கூடவில்லை. இரண்டாவது ஆபரேஷன் என்றதும் அந்த மனிதர் வரவே இல்லை. சிங்கப்பூர் வேலையும் போனது. இழப்பீடு கேட்க வக்கீலிடம் போனோம்.

“கார் மோதுச்சுன்னு எந்தக் காகிதத்துலயும் இல்லையேம்மா” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர், “விடு, நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னே” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு விபத்து என்றாலும் நானும் உடன் போகிறேன். டாக்டர் வருவதற்குள், “நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க” என்று அந்த வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லிவிடுகிறேன்.