ஒரே ஒரு முறை ஓடிய கேசட்

போன சித்திரையில், பெரியகுளத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் கணவரின் சித்தி, தொலைந்தே போனதாக நினைத்திருந்த தன் கல்யாண வீடியோ கேசட்டைப் பரணில் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். "எங்கக்காவும் இதுல இருக்காக, ஆத்தா" என்று என் கையில் கொடுத்தார்.

அந்த அக்காதான் என் மாமியார். என் கணவருக்கு ஒரு வயது ஆவதற்குள் இறந்துவிட்டார். வீட்டில் மாலை போட்ட போட்டோ ஒன்று உண்டு, அவ்வளவுதான். அம்மா நடந்தோ சிரித்தோ அவர் பார்த்ததே இல்லை.

கேசட்டுக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மாடியில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே கேசட்டையும் வைத்துவிட்டேன். சாயங்காலம் எடுத்தால், பெட்டி வளைந்துபோயிருந்தது. கணவர் அதைப் பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் இருவரும் தேனியில், பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏத்தா, இதென்ன மொளகா வத்தலா, வெயில்ல காயப்போட?" என்றார். எனக்கு மானமே போனது. அவர் நாடாவைக் கழற்றி வேறு பெட்டிக்கு மாற்றி, பஞ்சால் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

"பூச்சு உதுருது. ஒரு தடவதான் ஓடும். அப்பப் பதிஞ்சாத்தான் உண்டு."

ஓட விட்டார். தாலி கட்டும் இடம் முழுக்க வெறும் கோடுகள். பந்தி வந்தபோது சட்டென்று தெளிந்தது. ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை.

"எங்கம்மா" என்றார் கணவர்.

கேமராக்காரர் அந்தக் காலத்துப் பெரிய லைட்டை அப்படியே மாமியார் முகத்துக்கு நேராகத் திருப்பினார். அவருக்குக் கண் கூசியது. ஆனால் கை தன் கண்ணுக்குப் போகவில்லை. குழந்தையின் கண்ணைப் பொத்தியது. லைட் விலகும்வரை எடுக்கவே இல்லை. மறுபடி கோடுகள்.

"பதிஞ்சிருச்சாண்ணே?"

"பதிஞ்சிருச்சுப்பா. ஒம் மூஞ்சிதான் தெரியல, அவுக கை மறச்சிருச்சு."

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் கணவர் என் பக்கம் திரும்பினார். "எங்கம்மா என்னய இடுப்புல வச்சிருந்துச்சு, பாத்தியா?" என்றார்.

என் அவசரப் புத்தியால் அழிந்திருக்க வேண்டியவை அந்தச் சில நொடிகள். இத்தனை வருடம் இருட்டுப் பரணில் கிடந்தும் ஒரு தாயின் கை பிள்ளையின் கண்ணை விட்டு விலகாமல் இருந்ததை நினைத்தால், இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.